தட்டினால் பதில் வரவேண்டும்: கேம் பின்னூட்டத்தில் வரும் பழுதுகளும் திருத்தும் வழியும்

"கேம் நல்லா இருக்கு, ஆனா என்னவோ பத்தல்ல." செய்த கேமைத் தம்பியிடமோ மச்சாளிடமோ கொடுத்துப் பார்க்கும்போது முதலில் கிடைக்கும் விமர்சனம் பெரும்பாலும் இதுதான். உடனே செய்தவர் படத்தை மாற்றுவார், கதையை நீட்டுவார், இன்னும் பத்து லெவல் சேர்ப்பார். அந்த 'என்னவோ' அநேகமாக ஒரே இடத்தில்தான் இருக்கும்: விளையாடுபவர் ஒன்று செய்கிறார், அதற்கு கேம் சரியான பதில் கொடுக்கவில்லை. பதில் பிந்தும், மங்கும், அளவுக்கு மிஞ்சும், அல்லது பிழையான செயலைப் பாராட்டும்.

கீழே உள்ளவை யூனிட்டி, கோடோ என்ற கேம் செய்யும் மென்பொருட்களில் அன்ட்ரொயிட் போனுக்குக் கேம் செய்பவர்களுக்கானவை. உங்கள் கேமின் அறிகுறி எது என்று பார்த்து அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவான காரணம் கடைசியில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது திருத்தியது என்று ஒருக்காலும் தெரியாது.

## தொடங்குமுன் ஆயத்தம்

கொம்பியூட்டரில் சோதிக்க வேண்டாம். வீட்டில் உள்ளதிலேயே மலிவான, 2 அல்லது 3 ஜிபி ராம் உள்ள போனை எடுங்கள். கல்முனைக்குப் போகும் பஸ்சில் உங்கள் கேம் ஓடப்போவது அந்தமாதிரி போனில்தான்.

அந்த போனின் செட்டிங்ஸில் 'பில்ட் நம்பர்' என்பதை 7 தடவை தட்டினால் டெவலப்பர் ஒப்ஷன்ஸ் திறக்கும். அதில் 'ஷோ டப்ஸ்' என்பதைப் போட்டுவிடுங்கள். விரல் படும் இடத்தில் ஒரு சிறு வட்டம் தோன்றும்.

இன்னொரு போனில் ஸ்லோமோஷன் வீடியோ விநாடிக்கு 120 அல்லது 240 பிரேமில் (படத்தில்) எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். இதுவே உங்கள் அளவுகோல்.

பிறகு, கேமை முன்பு பார்த்திராத மூன்று பேர் தேவை. போனைக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடம் வாயே திறக்கக் கூடாது. "அங்க தட்டு" என்று ஒரு தடவை சொன்னாலும் சோதனை பழுது. அவர்கள் ஒரே இடத்தை இரண்டு தடவை தட்டும் கணங்களை மட்டும் குறியுங்கள். இரண்டாம் தட்டு என்பது முதல் தட்டுக்குப் பதில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு. வாயால் சொல்லும் கருத்தைவிட இது நம்பகமானது.

## அறிகுறி: "தட்டினன், ஒண்டும் நடக்கல்ல"

முதலில் ஷோ டப்ஸ் வட்டத்தைப் பாருங்கள்.

வட்டமே வரவில்லை, அல்லது தட்டாத இடத்தில் வருகிறது. பழுது போனில். வியர்த்த கை, தடித்த கண்ணாடி ஒட்டு, மலிவான சார்ஜரில் போட்டபடி விளையாடுவது ஆகிய மூன்றுமே திரையைக் குழப்பும். சார்ஜரைக் கழற்றி, கையைத் துடைத்து மறுபடி பாருங்கள். உங்கள் புரோகிராமைத் தொடவே வேண்டாம்.

வட்டம் உடனே வருகிறது, கேம் பிந்துகிறது. விரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி ஸ்லோமோஷனில் எடுங்கள். விரல் கண்ணாடியில் பட்ட பிரேமிலிருந்து திரையில் ஏதாவது மாறும் பிரேம் வரை எண்ணுங்கள். 120இல் எடுத்திருந்தால் 12 பிரேம் என்பது 0.1 விநாடி, 240இல் 24 பிரேம். 0.1 விநாடிக்குள் வரும் பதிலை மனிதர் 'உடனே' என்று எடுத்துக்கொள்வார் என்பது 1968இல் ரொபர்ட் மில்லர் எழுதியதிலிருந்து இடைமுகம் செய்பவர்கள் பிடித்துவரும் எல்லை. 0.15 தாண்டினால் கேம் கனக்கத் தொடங்கும்.

காரணங்கள், எளியதிலிருந்து:

பொத்தான் விரலை எடுக்கும்போதுதான் வேலை செய்கிறது. இதுதான் அதிகம் காணப்படுவது, கண்டுபிடிக்கப்படாமலே போவதும் இதுதான். யூனிட்டியின் பொத்தானில் 'ஒன்கிளிக்' ஓடுவது விரலை எடுத்த பிறகு. கோடோவின் பொத்தானும் வழமையாக அப்படித்தான். பாய்வது, சுடுவது, துடுப்புப் போடுவது போன்றவற்றுக்கு இது ஆகாது. கோடோவில் 'அக்ஷன் மோட்' என்பதை பட்டன் பிரெஸ் ஆக்குங்கள். யூனிட்டியில் 'பொயின்டர் டவுன்' நிகழ்வைப் பிடியுங்கள். ஆனால் காசு செலவழிக்கும் பொத்தானையும் அழிக்கும் பொத்தானையும் பழையபடி விடுங்கள். பிழையாகத் தொட்டவர் விரலை வெளியே இழுத்துத் தப்பிக்க இடம் வேண்டும்.

பொத்தான் அமுங்குவதாகத் தெரியவில்லை. செயல் முடிய நேரம் எடுத்தாலும், தொட்ட பிரேமிலேயே பொத்தான் 90 வீதமாகச் சுருங்கி நிறம் மங்கவேண்டும். பத்து நிமிட வேலை.

பொத்தான் சின்னது. அன்ட்ரொயிட்டின் திரை அலகில் 48 டிபி, அதாவது ஏறத்தாழ 9 மில்லிமீற்றர். அதற்குக் குறைந்தால் பெருவிரல் தவறும். படம் சின்னதாக இருக்கலாம். தொடும் பரப்பு சின்னதாக இருக்கக்கூடாது.

30 பிரேமில் ஓடுகிறது. யூனிட்டி போனில் வழமையாக 30 பிரேமுக்கு மட்டுப்படுத்தும். ஒரு பிரேம் 33 மில்லிவிநாடி. கேம் தொடங்கும்போதே 'டார்கெட் பிரேம் ரேட்' 60 என்று கொடுத்தால் ஒரு பிரேம் 16.7 மில்லிவிநாடியாகும். பற்றரி கொஞ்சம் கூடக் குடிக்கும். பாயும், சுடும் கேமுக்கு அது தகும்; வினாவிடைக் கேமுக்குத் தேவையில்லை.

சில தட்டு மட்டும் காணாமல் போகிறது. 'இப்போது அழுத்தப்பட்டதா' என்ற கேள்வியை யூனிட்டியின் ஃபிக்ஸ்ட்அப்டேட்டுக்குள் எழுதியிருக்கிறீர்களா? அது வழமையாக 0.02 விநாடிக்கு ஒருமுறை ஓடும். திரையின் பிரேமோடு ஒத்துப்போகாது. இரண்டுக்கும் நடுவில் விழுந்த தட்டு தவறிவிடும். தட்டை, ஒவ்வொரு பிரேமிலும் ஓடும் அப்டேட்டில் பிடித்து ஒரு மாறியில் வைத்துவிட்டு, ஃபிக்ஸ்ட்அப்டேட்டில் பயன்படுத்தி அழியுங்கள்.

அசைவுக்கு முன்னோட்டம் நீளம். ஆள் பாயுமுன் குந்துகிற அனிமேஷன் 12 பிரேம் இருந்தால் 0.2 விநாடி அதிலேயே போகிறது. ஆளை உடனே மேலே எழுப்புங்கள், குந்துவது 2 பிரேம் போதும். முன்னோட்டம் எதிரிக்கு நீளமாக இருக்கட்டும். விளையாடுபவரின் ஆளுக்கு வேண்டாம்.

முதல் தடவை மட்டும் திக்குகிறது. முதல் வெடிப்பில், முதல் நாணயத்தில் திரை ஒருகணம் நின்றால், அந்த விளைவை வரையும் ஷேடர் என்ற சிறு புரோகிராம் அப்போதுதான் தயாராகிறது. லோடிங் திரைக்குப் பின்னால் ஒவ்வொரு விளைவையும் ஒருமுறை வரைந்து விடுங்கள். கோடோ 4.4இலிருந்து இந்தத் திக்கல் வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் திக்கினால் பொருட்களை உருவாக்கி அழிப்பதை நிறுத்தி, 20 பொருட்களை முன்கூட்டியே செய்துவைத்து மாறிமாறிப் பாவியுங்கள்.

பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு பிந்துகிறது. போன் சூடாகித் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்கிறது. கச்சான் காற்றுக் காலத்து மத்தியானத்தில், சார்ஜர் இல்லாமல், 20 நிமிடம் தொடர்ந்து ஓட்டிப் பாருங்கள். ஏசி போட்ட ஆய்வுகூடத்தில் இந்தப் பழுது தெரியாது. நிழலையும் திரைத் தெளிவையும் குறைப்பதே முதல் மருந்து.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: இவ்வளவும் செய்தும் மூன்று வேறு போன்களில் 0.15 விநாடிக்கு மேல் நின்றால், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டும் புரொஃபைலர் பதிவை எடுத்துக்கொண்டு அதை வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் போங்கள். பதிவு இல்லாமல் போனால் அவரும் ஊகிக்கத்தான் முடியும்.

## அறிகுறி: "சத்தம் பிந்தி வருது"

வடமோடிக் கூத்தில் சலங்கையும் மத்தளமும் பிரிந்தால் களரியைச் சுற்றி இருக்கும் பாட்டிக்கும் உடனே தெரிந்துவிடும். கேமிலும் அப்படித்தான். காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் 'பிசகுது' என்பார்கள்.

புளூடூத் இயர்போனா? கழற்றிவிட்டுப் பாருங்கள். புளூடூத்தில் 0.1 முதல் 0.3 விநாடி வரை தாமதம் சாதாரணம். அதை உங்களால் திருத்த முடியாது. தாளக் கேம் என்றால் மட்டும் ஒரு சரிபார்ப்புத் திரை வையுங்கள்: சீரான தாளத்துக்கு 16 தடவை தட்டச் சொல்லி, வித்தியாசங்களில் நடுப்பெறுமானத்தைக் கழித்துவிடுங்கள். சராசரி வேண்டாம். ஒரு தட்டுப் பிசகினாலும் சராசரி சாய்ந்துவிடும்.

ஸ்பீக்கரிலும் பிந்துகிறதா? சத்தக் கோப்பை ஓடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் திறந்து தொடக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அலை தொடங்குமுன் ஒரு வெறுங்கோடு இருக்கும். அதை வெட்டி எறியுங்கள். எம்பி3 ஆக்கும்போதே தொடக்கத்தில் ஒரு துளி மௌனம் சேர்ந்துவிடும். ஆகையால் சிறு சத்தங்களை வேவ் கோப்பாகவே வையுங்கள், பின்னணி இசைக்கு ஒக் (ogg) கோப்பு போதும்.

முதல் தடவை மட்டும் பிந்துகிறதா? யூனிட்டியில் அந்தச் சத்தத்தின் 'லோட் டைப்' ஸ்ட்ரீமிங்கில் இருக்கும். 'டிகம்பிரஸ் ஒன் லோட்' ஆக்கி, 'பிரீலோட் ஓடியோ டேட்டா' என்பதையும் போடுங்கள்.

எப்போதும் ஒரே அளவில் பிந்துகிறதா? ஓடியோ செட்டிங்கில் 'டிஎஸ்பி பஃபர் சைஸ்' என்பதை 'பெஸ்ட் லேட்டன்சி' ஆக்குங்கள். 1024 மாதிரிகளுக்குப் பதில் 256 ஆகும். மலிவான போனில் சத்தம் கரகரத்தால் ஒரு படி மேலே, 512க்கு வாருங்கள்.

சத்தம் வருகிறது, ஆனால் கேட்கவில்லை. இதைப் பலர் 'பிந்துது' என்றே சொல்வார்கள். போன் ஸ்பீக்கரில் 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதுவும் வராது. ஹெட்போனில் நெஞ்சில் அறைந்த வெடிச்சத்தம் போனில் வெறும் மூச்சாகிவிடும். மத்தளத்தின் வலந்தலைச் சத்தம் நிற்கும். இடந்தலையின் கும்மென்ற நாதம் காணாமல் போகும். ஒவ்வொரு அடிச்சத்தத்தின் தலையிலும் 1000 முதல் 3000 ஹேர்ட்ஸ் அளவில் 'டிக்' என்ற சிறு வெட்டொலி ஒன்றைச் சேருங்கள். பின்னணி இசையையும் 6 டெசிபெல் இறக்குங்கள்.

இணையத்தில் கிடைக்கும் அதே இலவச 'டிங்' சத்தத்தையே எல்லோரும் போடுகிறார்கள். பறையும் மத்தளமும் சலங்கையும் இருக்கிற நாட்டில் இது எங்களுக்குக் கவலையான விஷயம். நல்ல பதிவு வேண்டுமானால் கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசை படிக்கும் ஒருவரிடம் கேளுங்கள். ஒரு மத்தளத்திலிருந்து, மெதுவான அடியிலிருந்து பலத்த அடி வரை, பன்னிரண்டு தனிச் சத்தம் எடுத்தால் முழுக் கேமுக்கும் போதும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: தாளக் கேம் செய்கிறீர்கள், மேலே உள்ளவை எல்லாம் முடிந்தும் 0.05 விநாடிக்குள் கொண்டுவர முடியவில்லை என்றால், அன்ட்ரொயிட்டின் ஓபோ என்ற ஒலி நூலகத்தை நேரடியாகக் கையாளத் தெரிந்தவர் வேண்டும். வேறு வகைக் கேமுக்கு அந்தச் செலவு வீண்.

## அறிகுறி: "அடி பட்டிச்சா இல்லையா தெரியல்ல"

போர்த்தேங்காய் அடியை நினைத்துப் பாருங்கள். தேங்காய் மோதும் சத்தம், உடைவது, சுற்றி நிற்பவர்களின் ஆரவாரம் எல்லாம் ஒரே கணம். உங்கள் கேமில் வாள் எதிரியின் ஊடாகக் காற்றைப்போலப் போகிறதென்றால், அந்தக் கணத்தில் ஒன்றும் சேர்ந்து நடக்கவில்லை.

இந்த ஒழுங்கில் ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு தடவையும் விளையாடிப் பாருங்கள். திருப்தியானவுடன் நிறுத்திவிடுங்கள்.

1. அடிபட்டது 2 அல்லது 3 பிரேம் முழு வெள்ளையாகட்டும்.
2. அதே பிரேமில் சத்தம். ஒவ்வொரு தடவையும் சுருதியை 5 முதல் 10 வீதம் மேலும் கீழுமாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் இருபதாவது அடியில் காது சலித்துவிடும்.
3. அடிபட்டவர் அடித்த திசையில் ஒரு சிறு தூரம் பின்னே தள்ளப்படவேண்டும்.
4. இருவரும் 3 முதல் 6 பிரேம் உறைந்து நிற்கட்டும். அடியின் பாரம் இந்த உறைவில்தான் இருக்கிறது. சாதாரண அடிக்கு 3, கடைசி அடிக்கு 6.
5. திரை அதிர்வு 0.1 முதல் 0.2 விநாடி. கடைசி அடிக்கு மட்டும்.

நான்காவதில் ஒரு குழி இருக்கிறது. யூனிட்டியில் கேமின் நேர வேகத்தைக் குறிக்கும் டைம்ஸ்கேலை 0 ஆக்கிவிட்டு 'வெயிட் ஃபோர் செக்கன்ட்ஸ்' கொண்டு காத்திருந்தால் அந்தக் காத்திருப்பு முடியவே முடியாது, கேம் நின்றுபோகும். 'வெயிட் ஃபோர் செக்கன்ட்ஸ் ரியல்டைம்' பாவியுங்கள். கோடோவில் டைமர் உருவாக்கும்போது 'இக்னோர் டைம் ஸ்கேல்' என்பதை ட்ரூ ஆக்குங்கள்.

போன் அதிர்வு வேலை செய்யவில்லையா? கோடோவில் ஏற்றுமதி செய்யும்போது வைப்ரேட் அனுமதியை டிக் போட மறந்திருப்பீர்கள். யூனிட்டியின் 'ஹேண்ட்ஹெல்ட் வைப்ரேட்' நேரத்தைக் குறைக்க விடாது, நீளமாக உறுமும். சின்ன அடிக்கு அது ஆகாது. அன்ட்ரொயிட்டின் அதிர்வு வசதியை நேரடியாகக் கூப்பிட்டால் கால அளவு கொடுத்து அதிரவைக்கலாம். 20 முதல் 40 மில்லிவிநாடி வையுங்கள். அதற்குக் குறைத்தால் மலிவான போனின் மோட்டர் சுழலத் தொடங்குமுன்னே நின்றுவிடும்.

## அறிகுறி: "நான் ஏன் செத்தன்?"

இந்தக் கேள்வியைக் கேட்டவர் இன்னும் இரண்டு தடவை விளையாடுவார். மூன்றாவது தடவை போனைத் திருப்பித் தருவார். தோல்வி ஆட்களை விரட்டாது. காரணம் விளங்காத தோல்விதான் விரட்டும். கிளித்தட்டில் கிளி தொட்டால் தொட்டதுதான். எந்தக் கோட்டில், யாருடைய கை என்று எல்லோரும் கண்டிருப்பார்கள். சண்டை வருவது தொட்டதா இல்லையா என்று தெரியாதபோது மட்டும்.

சோதனை: ஒவ்வொரு சாவுக்கும் பிறகு விளையாடுபவரிடம் "என்னால செத்தீங்க?" என்று மட்டும் கேளுங்கள். பத்தில் எட்டுக்குச் சரியான காரணம் சொன்னால் பழுது இல்லை.

"அது என்னில படவே இல்ல" என்கிறார். பட்டதா இல்லையா என்று கேம் கணக்கிடும் மோதல் பெட்டி படத்தைவிடப் பெரிது. ஆபத்தான பொருட்களின் பெட்டியைப் படத்தின் 70 முதல் 80 வீதத்துக்குச் சுருக்குங்கள். நாணயம், உயிர் போன்றவற்றின் பெட்டியை 120 வீதத்துக்குப் பெருப்பியுங்கள். இரண்டுமே விளையாடுபவரின் பக்கம் சாயவேண்டும். இதைக் கள்ளம் என்று நினைக்கவேண்டாம். கண் பார்ப்பதற்கு நியாயம் செய்கிறீர்கள்.

"நான் பாஞ்சனே!" என்கிறார். விளிம்பைத் தாண்டிய பிறகு அழுத்தியிருப்பார். விளிம்பை விட்டபின்னும் 0.1 விநாடி, அதாவது 6 பிரேம் வரை பாய விடுங்கள். தரையைத் தொடுமுன் 0.1 விநாடிக்குள் அழுத்தியதையும் நினைவில் வைத்து, தொட்டவுடன் பாயச் செய்யுங்கள். 2018இல் வந்த செலஸ்ட் கேமில் ஆளை அசைக்கும் புரோகிராமை அதைச் செய்தவர்களே வெளியிட்டார்கள். அதிலும் விளிம்புச் சலுகை 0.1 விநாடிதான்.

"எங்கயிருந்து வந்ததெண்டு தெரியல்ல" என்கிறார். எச்சரிக்கை இல்லை. தாக்குமுன் எதிரி குறைந்தது 0.4 விநாடி நிறம் மாறவேண்டும், அல்லது உடலைப் பின்னே இழுக்கவேண்டும். நிறத்தை மட்டும் நம்பவேண்டாம். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் பலர். அதோடு பட்டப்பகலில் வாவிக்கரையில் இருந்து விளையாடும்போது திரையில் எந்த நிறமும் ஒழுங்காகத் தெரியாது. வடிவமும் மாறட்டும்.

காரணம் தெரியும், ஆனாலும் விட்டுவிட்டுப் போகிறார். நேரத்தை அளந்து பாருங்கள். செத்த கணத்திலிருந்து மறுபடி ஆளை அசைக்கும் வரை 2 விநாடிக்கு மேல் போகிறதா? 'கேம் ஓவர்' அனிமேஷன், புள்ளிப் பட்டியல், விளம்பரம், 'மீண்டும் விளையாடவா' என்ற கேள்வி, எல்லாவற்றையும் தூக்குங்கள். கையில் சூடு இருக்கும்போதே மறுபடி தொடங்கவேண்டும்.

## அறிகுறி: "எல்லாம் மின்னுது, ஒண்டும் விளங்கல்ல"

முந்திய இரண்டு பகுதியையும் வாசித்த உற்சாகத்தில் வருகிற பழுது இது. நாணயம் எடுத்தாலும் திரை அதிர்கிறது, அரக்கனைக் கொன்றாலும் திரை அதிர்கிறது. இரண்டும் ஒன்றாகிவிட்டது.

எல்லா விளைவையும் ஒரேயடியாக நிறுத்துங்கள். செயல்களை ஒரு தாளில் எழுதி மூன்றாகப் பிரியுங்கள்: நிமிடத்துக்கு இருபது தடவைக்கு மேல் நடப்பவை, ஒருசில தடவை நடப்பவை, லெவலுக்கு ஒருமுறை நடப்பவை. முதல் வகைக்கு ஒரு சிறு சத்தமும் ஒரு சிறு அசைவும் மட்டும். இரண்டாம் வகைக்கு மூன்று விளைவு. திரை அதிர்வு, நீண்ட உறைவு, நீண்ட போன் அதிர்வு மூன்றும் கடைசி வகைக்கே.

குறைந்த பதிலால் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு 1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் போதும். நாலே நாலு தாழ்ந்த சுரம், திரும்பத் திரும்ப. எதிரிகள் குறையக் குறைய அவர்கள் வேகமாவார்கள், சுரமும் வேகமாகும். வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் அந்த இயந்திரம் இயல்பாகவே வேகமானதுதான் காரணம். கேமைச் செய்த நிஷிகாடோ அதைத் திருத்தாமல் விட்டார். விளையாடுபவருக்குத் தன் வெற்றியே ஆபத்தை நெருக்குகிறது என்று காதால் விளங்கியது.

ஒரு விஷயத்தில் மட்டும் பேரம் இல்லை: திரையில் எதுவும் ஒரு விநாடிக்கு 3 தடவைக்கு மேல் பளிச்சிடக்கூடாது. ஒளியால் வலிப்பு வருபவர்கள் இருக்கிறார்கள். திரை அதிர்வையும் போன் அதிர்வையும் நிறுத்த செட்டிங்கில் ஒரு பொத்தானும் கட்டாயம் வையுங்கள்.

## அறிகுறி: "தமிழ் எழுத்து உடைஞ்சு வருது"

பாராட்டுச் சொல்லே வாசிக்க முடியாமல் போனால் அது பதிலே இல்லை. யூனிட்டியில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ்புரோ தமிழ் எழுத்துகளைச் சேர்த்து ஒழுங்குபடுத்தாது; 'வெற்றி' என்பதில் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துருவை மட்டும் மாற்றிப் பயனில்லை. நாலைந்து சொல் மட்டும் என்றால் படமாக வரைந்து போடுங்கள். நிறைய எழுத்து என்றால், யூனிகோடைப் பாமினி முறைக்கு மாற்றிப் பாமினி எழுத்துருவில் காட்டுங்கள். அதில் எழுத்துகள் கண்ணால் காணும் வரிசையிலேயே இருப்பதால் உடையாது. இன்னும் தொடங்கவில்லை என்றால் கோடோ 4க்குப் போவது நல்லது. அங்கே தமிழ் தானாகவே சரியாக வரும். கோடோ 3இல் வராது.

## அறிகுறி: நண்பரோடு விளையாடும்போது மட்டும் பிந்துகிறது

சேர்வர் பதில் வரும் வரை உங்கள் திரை காத்திருக்கிறது. அடித்தவரின் போனில் சத்தமும் வெள்ளையும் உடனே வரட்டும். உயிர் குறைவது மட்டும் சேர்வர் சொன்ன பிறகு. சேர்வர் எங்கே என்று பாருங்கள். ஐரோப்பாவில் இருந்தால் சிங்கப்பூருக்கோ மும்பைக்கோ மாற்றுங்கள். மொபைல் டேட்டாவில், இரவு 8 மணிக்குப் பிறகு சோதியுங்கள். அதற்கு மேல் திருத்துவது தனித் தொழில். நெட்வேர்க் கேம் எழுதிய அனுபவம் உள்ளவர் இல்லாமல் இறங்க வேண்டாம்.

## அறிகுறி: பிள்ளைகள் வாசிக்காமல் விடையைத் தட்டுகிறார்கள்

புலமைப்பரிசில் பரீட்சைக்கும் சாதாரண தரக் கணிதத்துக்கும் வினாவிடைக் கேம் செய்பவர்கள் இங்கே அதிகம். அவற்றில் வருகிற பெரிய பழுது இது. பிள்ளை கேமை விரும்பி விளையாடும், புள்ளியும் சேரும், ஆனால் ஒன்றும் படித்திருக்காது.

சோதனை: ஒவ்வொரு கேள்விக்கும் எடுத்த நேரத்தைப் பதிவு செய்யுங்கள். இரண்டு வரிக் கேள்விக்கு 2 விநாடிக்குள் வந்த விடை வாசிக்காத விடை. நாலு தெரிவு இருந்தால் கண்ணை மூடித் தட்டினாலும் நாலில் ஒன்று சரியாகும் என்பதையும் மனதில் வையுங்கள்.

பிழையான விடைக்கு வரும் சத்தம் சரியான விடையைவிடப் பகிடியாக இருக்கிறது. ஆடு கத்துவதைக் கேட்கவே பிள்ளை பிழையாகத் தட்டும். பிழைக்கு மெல்லிய, சாதாரணமான சத்தம் போடுங்கள். அவமானப்படுத்தும் சத்தமும் கூடாது. பின்வாங்கில் இருக்கும் பிள்ளை அதோடு போனை மூடிவிடும்.

நேரத்துக்குப் புள்ளி கொடுக்கிறீர்கள். கடிகாரத்தை எடுத்துவிடுங்கள். வாய்ப்பாடு போன்றவற்றுக்கு மட்டும் அது பொருந்தும்.

எத்தனை தடவை தட்டிச் சரியாக்கினாலும் ஒரே புள்ளி. முதல் தட்டில் சரியானால் மட்டும் முழுப் புள்ளி. பிழைத்தால் அடுத்த தட்டை 1.5 விநாடி பூட்டி வையுங்கள். தெரிவுகளின் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள்.

'தவறு' என்று மட்டும் சொல்கிறது. இதுதான் மூலகாரணம், நேரமும் அதிகம் கேட்கும். ஒவ்வொரு பிழையான தெரிவுக்கும் அதற்கேயான ஒரு வரி எழுதவேண்டும். 3/4 + 1/4 என்ற கேள்விக்கு 4/8 ஐத் தட்டிய பிள்ளைக்கு "மேலே கூட்டியது சரி. கீழே உள்ள 4 ஐயும் கூட்டிவிட்டீர்கள், அது மாறாது" என்று வரவேண்டும். 2/4 ஐத் தட்டிய பிள்ளைக்கு அந்த வரி உதவாது, அது கழித்திருக்கிறது. இருநூறு கேள்வி வைத்து எல்லாவற்றுக்கும் 'தவறு' போடுவதைவிட, நாற்பது கேள்வி வைத்து நூற்றிருபது வரி எழுதுவது எங்கள் கணிப்பில் பல மடங்கு மேல்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: இந்த வரிகளை எழுதத் தொடங்கியவுடனேயே. பிள்ளைகள் எங்கே எப்படிப் பிழைவிடுவார்கள் என்பது புரோகிராம் எழுதுபவருக்குத் தெரியாது. ஐந்தாம் வகுப்புக்கு வருடக்கணக்காகப் படிப்பிக்கும் ஆசிரியருக்கு ஒவ்வொரு பிழையும் முகம் தெரிந்த பிழை. அவருடைய இரண்டு பின்னேரங்களுக்குச் சம்பளம் கொடுங்கள்.

## அறிகுறி: முதல் நாள் விழுந்து விழுந்து விளையாடினார்கள், மூன்றாம் நாள் திறக்கவில்லை

மேலே உள்ள பழுதுகள் ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகே இங்கே வாருங்கள்.

தான் தேறியிருப்பது அவருக்குத் தெரியவில்லை. முதல் நாள் 40 விநாடி எடுத்த ஓட்டத்தை இன்று 31 விநாடியில் முடித்தார். கேம் 'வெற்றி' என்று மட்டும் சொன்னது. பழைய நேரத்தையும் புதிய நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். தோற்றாலும் எவ்வளவு தூரம் போனார், பழைய தூரம் எது என்று காட்டுங்கள். தோணியோட்டக் கேம் என்றால் நேற்று அவர் தோணி நின்ற இடத்தில் ஒரு கொடி நாட்டினால் போதும்.

எல்லாவற்றுக்கும் ஒரே பாராட்டு. பிள்ளை தூங்கி வழிந்து முடித்த லெவலுக்கும் மூன்று நட்சத்திரமும் 'அபாரம்'. இரண்டாம் நாளே அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. என்ன செய்தார் என்பதைச் சொல்லுங்கள்: "ஒரு தடவையும் சுவரில் முட்டவில்லை."

தினம் வந்தால் நாணயம் என்று பழக்கிவிட்டீர்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் பாலர் பள்ளியில் செய்த சோதனையில், படம் வரைய விரும்பிய பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்பே சொன்னார்கள். பின்னர் சும்மா விட்டபோது அவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ அரைவாசி நேரமே வரைந்தார்கள். முன்பே சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்றவர்களின் விருப்பம் குறையவில்லை. ஆகவே 'நாளை வந்தால் 50 நாணயம்' என்பதை எடுத்துவிட்டு, நல்ல ஆட்டத்துக்குப் பிறகு சொல்லாமல் ஒன்றைக் கொடுங்கள்: புதுத் தோணி நிறம், மறைந்திருந்த பாதை.

உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் வாங்கும் அதிர்ஷ்டப் பெட்டி விற்கும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். காசுக்கு அப்படி விற்கும் பெட்டிகளை 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு சூதாட்டம் என்றே கணித்தது. பிள்ளைகளின் கையில் உள்ள போனுக்குள் அதை வைக்க வேண்டாம்.

ஒரே லெவலில் எல்லோரும் நிற்கிறார்கள். எந்த லெவலில் கடைசியாக மூடினார்கள் என்று பதிவு செய்யுங்கள். ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப வந்தால் மற்றதெல்லாம் சரி, அந்த ஒன்றுதான் பழுது. முதலில் அதில் எச்சரிக்கையைக் கூட்டுங்கள், பிறகு எதிரியைக் குறையுங்கள். அதற்குப் பிறகும் நின்றால் அந்த லெவலை வெட்டிவிட்டு, கேமை முன்பு பார்த்திராத வேறு மூன்று பேரிடம் போனைக் கொடுங்கள்.